பாறை சொல்லும் வரலாறு – 12: நிலம் ஆடியபோது எழுதிய கைகள்

சென்ற பகுதியை ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊட்டத்தூர் ஓடைகளில் அம்மோனைட் தேடிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கடற்படிவுப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து அவர் 1862ல் வெளியிட்ட அறிக்கைதான் இப்பகுதி நிலவியலுக்கு இன்றும் அடித்தளம். அவர் பணியாற்றிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு அப்போது தலைவராக இருந்தவர் தாமஸ் ஓல்தாம்.

அந்தத் துறைக்கு இன்னொரு முகமும் உண்டு. கிளிஞ்சல்களையும் கற்களையும் பொறுமையாக வகைபிரித்த அதே துறையினர், நிலம் பிளந்த ஊர்களுக்கும் போனார்கள். ஒரு சிலர் பிளக்கிற நேரத்திலேயே அங்கே நின்றிருந்தார்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் உடம்பு உணர்ந்ததையும் நினைவு மங்குவதற்குள் எழுதிவைத்தார்கள். பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று மனிதகுலம் அறிந்துகொண்டதில் அந்த எழுத்துகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்தப் பகுதி அவர்களுடையது.

சிறுவாச்சூர்க்காரர்களுக்கு நிலநடுக்கம் எதற்கு என்று தோன்றலாம். நம் ஊர் நிற்பது மிகப் பழைய, இறுகிய பாறைமேல். சுற்றுவட்டாரக் கல்குவாரிகளில் வெடி வைக்கும்போது பாத்திரம் அதிர்வதுதான் நமக்குத் தெரிந்த நில அதிர்வு. ஆனால் 2004 டிசம்பர் 26ல் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோன கடல், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த ஒரு நிலநடுக்கத்தால்தான் எழுந்தது. அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பதற்கான குறிப்பு 120 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

தந்தையும் மகனும்

1869 ஜனவரி 10ஆம் தேதி அசாமின் கச்சார் பகுதி குலுங்கியது. அதை ஆராய்ந்தவர் தாமஸ் ஓல்தாம். விழுந்த சுவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன, விரிசல்கள் எந்தத் திசையில் ஓடின, ஆற்றங்கரையில் மணலும் நீரும் எங்கே பீறிட்டன என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அறிக்கையை முடித்து அச்சில் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை, 1878ல் காலமானார். அதைச் செம்மைப்படுத்தி 1882ல் வெளிக்கொண்டுவந்தவர் அதே துறையில் சேர்ந்திருந்த அவருடைய மகன் ரிச்சர்ட் டிக்சன் ஓல்தாம். தந்தை தொகுத்துவைத்திருந்த இந்திய நிலநடுக்கங்களின் பட்டியலும் அடுத்த ஆண்டில் வெளியானது. பழைய பயணிகள், அதிகாரிகள், பத்திரிகைகள் விட்டுச்சென்ற சிதறிய குறிப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கிய பட்டியல் அது.

மகனுக்குத் தந்தையிடமிருந்து கிடைத்த பெரிய சொத்து இந்தப் பழக்கம்தான். ஒருவர் சொன்னது சிறியதா பெரியதா என்று பாராமல் எழுதிக்கொள்வது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. 1897ல் அது உலக அறிவியலுக்கே பயன்பட்டது.

ஷில்லாங், 1897 ஜூன் 12

மாலை ஐந்தேகால் மணி. நிலவியல் ஆய்வுத் துறை அலுவலர் எஃப். ஹெச். ஸ்மித் ஷில்லாங்கில் ஒரு சாலையில் இருந்தார். முதலில் அருகில் இடி இடிப்பதுபோல் ஆழ்ந்த முழக்கம் கேட்டது. தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வந்ததாக அவருக்குப் பட்டது. சுமார் இரண்டு விநாடியில் அதிர்வு தொடங்கியது. சில விநாடிகளுக்குள் அதன் முழு வேகத்தையும் எட்டிவிட்டது. நிற்க முடியாமல் அவர் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் அவர் பார்த்தவை எல்லாம் அறிக்கையில் இருக்கின்றன. தரை முன்னும் பின்னும் வெடுக்வெடுக்கென்று இழுபட்டது. மூன்று நான்கு இழுப்புக்கு ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. கப்பலில் வருவதுபோன்ற குமட்டல் வந்தது. சாலையில் நீளநீளமாக விரிசல் ஓடியது. குளத்தைச் சுற்றியிருந்த மண்கரை சரிந்து ஓரிடத்தில் வாய்பிளந்தது. கண்ணெதிரே இருந்த பள்ளிக்கூடத்தின் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. சற்று நேரத்தில் கட்டடமே தரையில் கிடந்தது, அதன் தகரக் கூரை வளைந்து நொறுங்கியிருந்தது. ஆட்டம் ஓய்ந்தபோது ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டின்மேலும் இளஞ்சிவப்பாக ஒரு தூசி மேகம் நின்றது. இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும் என்றும் அவர் கணித்தார்.

இந்தக் குறிப்பைப் படிக்கும்போது அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது. உயிர் போகுமோ என்ற நிலையில் எத்தனையாவது இழுப்பு பெரிது என்று எண்ணியிருக்கிறார். முழக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று கவனித்திருக்கிறார். நிலநடுக்கத்தில் வேகமாக வருவது முதன்மை அலை. அதைத் தொடர்ந்து வரும் இரண்டாம் அலையே கட்டடங்களை அதிகமாக உலுக்கும். அந்த வேறுபாடு அப்போது கருவிப் பதிவுகளில் இன்னும் பிரித்தறியப்படவில்லை. ஸ்மித் கேட்ட முழக்கம் முதன்மை அலையின் வேலையாக இருந்திருக்கலாம் என்று இன்று நாம் ஊகிக்க முடிவது, அந்த இரண்டு விநாடியை அவர் எழுதிவைத்ததால்தான்.

அந்த நிலநடுக்கத்தின் அளவு 8க்கு மேல். ஷில்லாங்கில் கல்கட்டடங்கள் அத்தனையும் தரைமட்டமாயின. இறந்தவர்கள் சுமார் 1,540 பேர். பகல் வெளிச்சம் இருந்த மாலை நேரமாக இல்லாமல் நள்ளிரவாக இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை பலமடங்கு கூடியிருக்கும்.

ஆய்வுத் துறை தன் அலுவலர்களைப் பல திசைகளுக்கும் அனுப்பியது. அவர்களில் டாம் லா டூஷ் ஷில்லாங் போனார். பின்னதிர்வுகள் ஓயாத அந்த ஊரிலிருந்து மனைவிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். கையில் கிடைத்த பொருள்களைக்கொண்டு எளிய அதிர்வுமானி ஒன்றையும் தானே செய்துகொண்டார். அரசு அறிக்கையில் இடம்பெறாத அச்சமும் களைப்பும் வியப்பும் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. நூறாண்டுக்கும் மேல் குடும்பத்தின் காகிதங்களாகவே இருந்த அவை, 2008ல் நிலநடுக்கவியலாளர் ரோஜர் பில்ஹாமின் முயற்சியால் அறிவியல் இதழில் வெளியாயின.

சென்னைக் கடிகாரமும் கொடைக்கானல் கருவியும்

மகன் ஓல்தாம் 1899ல் வெளியிட்ட அறிக்கை நிலநடுக்க ஆய்வில் ஒரு மைல்கல். சுமார் 45 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் உணரப்பட்ட அதிர்வு அது. பொறியாளர், தேயிலைத் தோட்டக்காரர், ரயில்வே ஊழியர், அரசு அலுவலர் என்று பலரும் அனுப்பிய தகவல்களை அவர் சேர்த்தார். செட்ராங் ஆற்றோரம் நடந்துபோய், நிலம் பிளந்து ஒரு பக்கம் 35 அடி வரை உயர்ந்து நிற்பதை அளந்தார். சில இடங்களில் பெரிய கற்கள் தாம் புதைந்திருந்த குழியின் விளிம்பைக்கூடத் தொடாமல் வெளியே எறியப்பட்டுக் கிடந்தன. புவியீர்ப்பை மிஞ்சும் வேகத்தில் தரை மேல்நோக்கி உதைத்திருந்தால்தான் அது நடக்கும் என்று அவர் முடிவுகட்டினார்.

நேரக் கணக்கில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியா முழுமைக்குமான பொது நேரம் 1906ல்தான் வந்தது. அதற்குமுன் ரயில்வே நடந்தது சென்னை நேரப்படி; சென்னை வானாய்வகம் கணித்துச் சொன்ன நேரம் அது. எங்கோ வங்காளத்தில் ஒரு ரயில் நிலைய அதிகாரி நிலநடுக்க நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதினால், அவர் எழுதியது சென்னையின் நேரம்.

ஷில்லாங்கில் ஸ்மித்தைச் சாய்த்த அலைகள் பூமியின் உடலை ஊடுருவி ஐரோப்பாவுக்கும் போயின. இத்தாலியிலும் மற்ற இடங்களிலும் இருந்த கருவிகள் அவற்றைப் பதிந்தன. அந்தப் பதிவுகளை அடுக்கிவைத்துப் பார்த்த ஓல்தாம், மூன்று வகை அலைகள் தனித்தனியாக வந்துசேர்வதை 1900ல் எடுத்துக்காட்டினார். 1906ல் அடுத்த படி ஏறினார். பூமியின் நடுவே சென்று வரும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதைக் கண்டு, உள்ளே வேறு தன்மையுள்ள ஒரு கருவம் இருக்கிறது என்று நிறுவினார். பூமியின் மையத்தைப் பற்றி இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடத்துக்கு அசாமின் அழிவிலிருந்து ஒரு வழி போகிறது.

1897க்குப் பிறகு இந்தியாவிலும் நிலநடுக்கமானிகள் வேண்டும் என்று உறுதியானது. கல்கத்தாவின் அலிப்பூரில் 1898 டிசம்பரில் முதல் கருவி இயங்கத் தொடங்கியது. அடுத்து மும்பை கொலாபாவிலும் நம் கொடைக்கானலிலும் நிறுவப்பட்டன. அவற்றை நடத்தியது வானிலைத் துறை. அந்தத் துறை 1875ல் உருவானபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் யார் தெரியுமா? ஊட்டத்தூர் ஓடைகளில் நாம் விட்டுவந்த அதே ஹென்றி பிளான்ஃபோர்ட். நம் நிலத்தின் அடுக்குகளைப் படித்த மனிதர் உருவாக்கிய துறையின் கையில்தான் நாட்டின் முதல் நிலநடுக்கமானிகள் போய்ச்சேர்ந்தன.

அதன்பின் ஒவ்வொரு பேரழிவையும் ஆய்வுத் துறையினர் பின்தொடர்ந்தார்கள். 1905ல் சுமார் 20,000 பேரைப் பலிகொண்ட காங்ரா நிலநடுக்கத்தை ஆராய்ந்த மிடில்மிஸ், அதற்குமுன் சேலத்துச் சுண்ணக்கரடு பாறைகளைப் பற்றி எழுதியவர். 1934ன் பீகார் நிலநடுக்கத்தை ஆடன், டன், கோஷ், ராய் முதலானோர் ஊர் ஊராக அலைந்து பதிவுசெய்தார்கள்.

ரீமாவில் ஒரு தாவரவியலாளர்

1950 ஆகஸ்ட் 15. விடுதலை பெற்ற மூன்றாம் ஆண்டு நிறைவை நாடு கொண்டாடி முடித்த மாலை. திபெத்தின் தென்கிழக்கு மூலையில், லோகித் ஆற்றோரம் ரீமா என்ற சிற்றூர் அருகே ஃபிராங்க் கிங்டன்-வார்டு கூடாரத்தில் இருந்தார். வயது 64. இமயமலைச் செடிகளைத் தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். உடன் இளம் மனைவி ஜீனும் உதவியாளர்களும் இருந்தார்கள்.

இந்திய நேரப்படி மாலை 7.40 மணி வாக்கில் தொடங்கியது. அளவு 8.6, கருவிகள் பதிந்த நிலநடுக்கங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் மையத்துக்கு மிக அருகில் இருந்தார்கள் அவர்கள். கூடாரத்திலிருந்து வெளியே பாய்ந்த மறுகணமே தரை அவர்களைக் கீழே தள்ளியது. விளக்கு அணைந்தது. மலைகளின் விளிம்புக்கோடு வானத்தில் மங்கலாகி நடுங்குவதை அவர் பார்த்தார். தாங்கள் படுத்திருந்த தரை மிக மெல்லிய மேலோடு என்றும், அடியில் ஏதோ ஒன்று இடைவிடாமல் அதை இடிக்கிறது என்றும் தோன்றியதாக எழுதினார். ஆட்டம் அடங்கியபின் ஒரு விந்தை நடந்தது. வடமேற்கு வானத்தில் உயரத்தில் வெடிச்சத்தங்கள் அடுத்தடுத்து ஐந்தாறு கேட்டன. அதே ஒலியைப் பர்மா வரை நெடுந்தொலைவில் பலரும் கேட்டிருந்தது பிறகு தெரிந்தது.

கிங்டன்-வார்டு நிலநடுக்கவியலாளர் அல்லர். ஆனாலும் அந்த ஒலியை இடியென்று ஒதுக்கிவிடாமல் எண்ணினார், திசை குறித்தார், அடுத்த ஆண்டே நேச்சர் இதழில் வெளியிட்டார். சரிந்த மலைகள் வழியெல்லாம் அடைத்துக்கிடக்க, தூசி மூடிய வானத்தின்கீழ் அவர்கள் வாலோங் திரும்ப அசாம் ரைபிள்ஸ் படையினர் உதவினார்கள். ஜீன் தன் அனுபவத்தை 1952ல் ‘மை ஹில் சோ ஸ்ட்ராங்’ என்ற நூலாக எழுதினார். ஒரே இரவைக் கணவர் விஞ்ஞானியின் கண்ணாலும் மனைவி பயணியின் கண்ணாலும் பார்த்த இரு பதிவுகள் நமக்குக் கிடைத்திருப்பது அரிது.

ரீமாவில் அவர்கள் கண்ட மலைச்சரிவுகளைப் போன்றவை கீழே அசாமில் இரண்டாவது அழிவைக் கொண்டுவந்தன. சுபன்சிரி ஆற்றை மண்சரிவு அணையாக மறித்தது. எட்டாம் நாள் அது உடைந்து பாய்ந்ததில் 500க்கும் மேற்பட்டோர் மூழ்கிப்போனார்கள். நிலநடுக்கம் முடிந்தது என்று எண்ணிய மக்கள்மேல் வந்து விழுந்த வெள்ளம் அது.

அப்போது ஆய்வுத் துறையின் இயக்குநர் டபிள்யூ. டி. வெஸ்ட், 1935ல் குவெட்டா நகரை அழித்த நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். 1951ல் அவரிடமிருந்து பொறுப்பேற்று, அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன். நம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940ல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே.

படிக்காமல் விட்ட பக்கம்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்தக் குறிப்புக்கு வருவோம். 1881 டிசம்பர் 31 காலையில் கார் நிக்கோபார் அருகே ஒரு நிலநடுக்கம். அளவு ஏறத்தாழ 7.9. சென்னையிலும் உணரப்பட்டது. வங்கக் கடலைச் சுற்றியிருந்த அலைமானிகளில் கடல்நீர் ஏறியிறங்கியது பதிவானது. நாகப்பட்டினத்தில் அது ஒரு மீட்டர் அளவுக்கு இருந்தது. அலைமானிப் பதிவுகளைப் பற்றி 1883ல் ஓர் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டில் ரிச்சர்ட் ஓல்தாமும் அந்த நிலநடுக்கம் குறித்து எழுதினார்.

நிக்கோபாரில் நிலம் ஆடினால் நாகப்பட்டினத்தில் கடல் ஏறும். இந்த உண்மை 1884க்குள் அச்சில் இருந்தது. 2003ல் ஓர்டிஸ் என்பவரும், லா டூஷின் கடிதங்களை வெளிக்கொண்டுவந்த அதே பில்ஹாமும் அந்தப் பழைய பதிவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ரா அருகே 9ஐத் தாண்டிய அளவில் நிலம் பிளந்தது. சென்னையில் மாடிவீடுகள் ஆடின. மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பிறகு நிம்மதியாக வீடு திரும்பினார்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமை என்று கடற்கரைக்கும் போனார்கள். கடல் வந்துசேரச் சுமார் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. எச்சரிக்க அந்த நேரம் போதும். எச்சரிக்கும் ஏற்பாடுதான் இல்லை. கல்பாக்கம் நகரியத்தில் அணுசக்தித் துறை ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும்கூட இறந்தார்கள். நாட்டின் தேர்ந்த விஞ்ஞானிகள் வாழ்ந்த ஊருக்கே சொல்வார் இல்லை.

அதே நாளில் சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நிலநடுக்க மையத்துக்கு அருகிலிருந்த தீவு அது. 1907ல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிருந்தது. பலமாக நிலம் ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டன்மார் பேரன்களுக்குச் சொல்லிவந்தார்கள். 2004ல் மக்கள் ஓடினார்கள். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். அங்கே கருவி எதுவும் இருக்கவில்லை. கேட்டதை மறக்காமல் சொல்லிக்கொடுத்த வழக்கம் மட்டுமே இருந்தது.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11ல் இந்தியப் பெருங்கடலில் 8.6 அளவில் நிலம் ஆடியபோது எச்சரிக்கை உடனே வந்தது. இந்த ஏற்பாடு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அறிவு இல்லாமல் நாம் 2004ல் இழக்கவில்லை. இருந்த அறிவைப் புரட்டிப் பார்க்காமல் இழந்தோம்.

நாம் செய்யக்கூடியது

ஊர் ஒன்றைக் காப்பாற்றி வைக்க நினைத்தால் எத்தனை தலைமுறையானாலும் வைக்கும். மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதைச் சிறுவாச்சூரில் எந்தக் குழந்தையும் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. நிலம் அதிர்ந்த நாள்களையும் அப்படி வைத்துக்கொள்ள நம்மால் முடியும்.

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் உணரப்பட்டது. 2004 டிசம்பர் காலையை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அப்போது எங்கே இருந்தீர்கள், எது அசைந்தது, சத்தம் முதலில் வந்ததா ஆட்டம் முதலில் வந்ததா, கிணற்று நீர் கலங்கியதா? ஒன்றும் உணரவில்லை என்ற பதிலையும் ஊர்ப்பெயரோடு எழுதச் சொல்லுங்கள். அதிர்வு எந்த ஊரோடு நின்றது என்று காட்டுவது அந்தப் பதில்தான்.

நிலநடுக்கத்தின் அளவைக் கருவி சொல்லிவிடும். ஒவ்வோர் ஊரிலும் அதன் தாக்கம் எப்படி இருந்தது என்பதை அங்கே இருந்த மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்; தாக்கத்தின் அளவுகோலே மனிதர் உணர்ந்ததை வைத்து வகுக்கப்பட்டது. தேசிய நிலநடுக்கவியல் மையம் பொதுமக்களிடமிருந்து இத்தகைய தகவல்களைப் பெற்றுக்கொள்கிறது. அடுத்தமுறை வீடு அதிர்ந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பிறகு நேரத்தைப் பாருங்கள். குவாரி வெடி என்றால் ஒரு உதையோடு நிற்கும். ஆட்டம் நீண்டால் எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஸ்மித்தும் லா டூஷும் கிங்டன்-வார்டும் செய்தது இவ்வளவுதான். அதைச் செய்ய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த பகுதியில், நம் அரியலூர்ப் புதைபடிவங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரித்து, 1874ல் லடாக் பனிமலையில் உயிர்விட்ட ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவைச் சந்திப்போம்.

(தொடரும்)